மணி கட்டி நடந்த பவுனு

ஒரு ஊர்ல ஒரு குதிரை இருந்துச்சு. ராஜாவைச் சுமந்த குதிரை இல்லை, வாழைத்தாரைச் சுமந்த குதிரை. ராஜா கதைதான் வேணும்னா உங்க அப்பன்கிட்ட கேட்டுக்க. காலை நீட்டிப் படு. போர்வையை இழுத்துக்க. ம் கொட்டணும், கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன்.

ம்.

அந்த ஊரு பேரு நெல்லிமேடு. மலைக்கு மேல இருக்கு, ரோடு கிடையாது. கீழ சந்தைக்கு எது போகணும்னாலும் ஏதோ ஒரு முதுகுல ஏறித்தான் போகணும். அங்க சடையாண்டி, அங்கம்மான்னு புருஷன் பொண்டாட்டி. அவங்களுக்கு ஒரே மக, பவுனு. மூணு ஏக்கர் மலைவாழை. வெள்ளச்சிங்கற அந்தக் குதிரை. அப்புறம் நாலு கோவேறு கழுதை.

கோவேறு கழுதைன்னா அப்பன் கழுதை, ஆத்தா குதிரை. அதுக்குன்னு குட்டி பிறக்காது. அதனாலயோ என்னவோ, ஒரு பெட்டைக் குதிரையைக் கண்டுச்சுன்னா அதுதான் உலகம்னு அது பின்னாடியே போகும். வெள்ளச்சி கழுத்துல ஒரு மணி. ணிங் ணிங்னு அது முன்னாடி போகும், பின்னாடி நாலும் டக்கு டக்குன்னு வரிசையாப் போகும். கயிறு வேணாம், குச்சி வேணாம். மூடுபனியில தன் காலே தனக்குத் தெரியாது, ஆனா மணி கேட்டாப் போதும்.

நாலுக்கும் பேரு இருந்துச்சு. கட்டையன், சண்டியர், ஊமைச்சி. கடைசியா வர்றது கலெக்டர். ஒவ்வொரு வளைவுலயும் நின்னு, பள்ளம் மேடெல்லாம் பாத்துட்டுத்தான் வரும், அதனால அந்தப் பேரு. நாலுக்கும் கொள்ளு ஊறவச்சு ஊட்டுறது பவுனுதான். மழை பேஞ்சா அதுங்க வயித்துல சாஞ்சுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பா. கதகதன்னு இருக்கும்.

பவுனுக்குப் பத்து வயசு. மலைமேல அஞ்சாம் வகுப்போட சரி. ஆறாவதுக்குக் கீழ போகணும், ஹாஸ்டல்ல தங்கணும். இடம் கிடைச்சிருச்சு. அங்கம்மா தகரப்பெட்டி வாங்கி, மேல பவுனு பேரை எழுதி வச்சுட்டா. ஆனி மாசம் போகணும்.

அப்போ வைகாசி கடைசியில, ஒரு காலையில வெள்ளச்சி வயிறு உப்பிப் படுத்துச்சு. உச்சி வெயிலுக்குள்ள செத்துப்போச்சு. வாழைக்கு நடுவுலயே குழி வெட்டிப் புதைச்சாங்க.

குதிரை செத்துதுன்னு வாழை காத்திருக்குமா? காத்திருக்காது. தாரெல்லாம் பழுக்க ஆரம்பிச்சிருச்சு. நாலும் கொட்டடியை விட்டு நகர மாட்டேங்குது.

சடையாண்டி என்ன பண்ணாரு, மணியைக் கட்டையன் கழுத்துல கட்டினாரு. அது நாலு எட்டு வச்சுச்சு, ணிங். மணி எங்க கேக்குதுன்னு திரும்பிப் பாத்துச்சு, ணிங். பாரு, அது தன்னையே தேடிச் சுத்து சுத்துன்னு சுத்தித் தாரைப் பூராவும் சொத்து சொத்துன்னு கீழ தள்ளிருச்சு. அப்புறம் பக்கத்து வீட்டு ஆண்குதிரையை இரவல் வாங்கிட்டு வந்தாரு. சண்டியர் அது காதைக் கடிச்சு விரட்டிருச்சு. அப்புறம் அவரே மணியை இடுப்புல கட்டிக்கிட்டு நடந்தாரு. நாலும் அவர் கையைத்தான் பாத்துச்சு. அடிச்ச கையாச்சே. புர்ர்ர்னு மூச்சு விட்டுட்டு அங்கேயே நின்னுச்சு.

பவுனு அதைப் பாத்துட்டே இருந்தா. மணியை வாங்கித் தன் இடுப்புல கட்டினா. பத்தடி நடந்தா. ணிங் ணிங். பின்னாடி டக்கு டக்கு. திரும்பிப் பாத்தா நாலும் வருது, கடைசியில கலெக்டர்.

நல்லா இருக்கு.

அதான் நல்லா இல்லை. கேளு. அன்னிக்கு ஊரே பவுனை மெச்சுச்சு. சடையாண்டி இந்த ஒரு வெட்டுத் தாரை மட்டும் இறக்கிவிட்டுரு தாயின்னாரு. வாழைக்கு ஏது ஒரு வெட்டு? மாசாமாசம் வெட்டு. அடுத்த ஆனிக்குப் போகலாம்னாரு. அடுத்த ஆனி வந்துச்சு, போச்சு. அதுக்கடுத்ததும் போச்சு. தகரப்பெட்டியில அங்கம்மா துவரம்பருப்பு போட்டு வச்சா. மெச்சுன வாயில ஒண்ணுகூட, அந்தப் புள்ளை எப்போ பள்ளிக்கூடம் போகும்னு கேக்கலை.

ஒருநாள் பாதி மலையில பவுனு நின்னு, நீங்க நாலும் தொலைஞ்சாத்தான்டா எனக்கு விடியும்னு சொல்லி அழுதா. கலெக்டர் கடைசியிலேருந்து மெதுவா வந்து, அவ தோள்ல மூக்கை வச்சுட்டு நின்னுச்சு. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

அப்போ நெல்லிமேட்டுக்கு ரோடு வந்துச்சு. ஜீப்பு வந்துச்சு. நாலு கழுதை பத்து நடையில இறக்குற தாரை ஜீப்பு ஒரே நடையில இறக்கிருச்சு. சடையாண்டி வடக்கே ஒரு செங்கல் சூளைக்கு நாலையும் விலை பேசி முடிச்சுட்டாரு. வியாபாரி மலையடியில லாரியோட வந்து நின்னான். லாரியில சாய்ச்சுப் பலகை போட்டிருந்துச்சு.

நாலும் ஏறலை. கயிறு கட்டி இழுத்தாங்க, கயிறு அந்துச்சு. கண்ணைத் துணியால கட்டித் தள்ளினாங்க, சண்டியர் ஒருத்தன் முட்டியை உடைச்சிருச்சு. அப்புறம் தடியை எடுத்தாங்க. படீர் படீர்னு. ஊமைச்சி முதுகுல ரத்தம் வந்துச்சு, அப்பவும் நகரலை.

எல்லாரும் பவுனைப் பாத்தாங்க. சடையாண்டி மட்டும் தரையைப் பாத்தாரு. இடுப்புல மணி கட்டித்தான் அவ அதுங்களை அதுவரைக்கும் கூட்டிட்டு வந்திருந்தா.

அவ அப்பன்கிட்ட போய்க் கேட்டா.

"ஏத்திவிட்டா நான் பள்ளிக்கூடம் போகலாமாப்பா?"

"போகலாம் தாயி."

"இந்த ஆனியிலேயா?"

"இந்த ஆனியிலேயே."

பவுனு பலகையில கால் வச்சா. ணிங். பின்னாடி டக்கு டக்கு, டக்கு டக்கு. கட்டையன் ஏறுச்சு, சண்டியர் ஏறுச்சு, ஊமைச்சி ஏறுச்சு. கலெக்டர் பலகை முன்னாடி நின்னு, மேல கீழ பாத்துட்டு, அதுவும் ஏறுச்சு. உள்ள நாலும் அவளைச் சுத்தி நின்னு, மடியில கொள்ளு இருக்கான்னு மோந்து பாத்துச்சுங்க. அவ டிரைவர் பக்கத்து அடைப்புப் பலகையைப் பிடிச்சு ஏறி வெளிய குதிச்சா. பின்கதவு படார்னு மூடுச்சு.

வியாபாரி விவரமானவன். மணியைக் கேட்டு வாங்கி டிரைவருக்கு முன்னாடி தொங்கவிட்டான். லாரி கிளம்புச்சு. ணிங் ணிங். உள்ள ஒரு சத்தம் இல்லை. பவுனு முன்னாடி நடந்து போறான்னு நினைச்சுக்கிட்டு நாலும் அமைதியாப் போச்சு.

திரும்பி வந்துச்சா?

வரலை. வந்துச்சுன்னு சொன்னா நீ நிம்மதியாத் தூங்குவ, ஆனா அது பொய். சூளைக்குப் போன கழுதை திரும்பாது.

பவுனு பள்ளிக்கூடம் போனா. பதிமூணு வயசுல ஆறாவது. சின்னப்புள்ளைங்க நடுவுல பனைமரமாட்டம் உக்காந்திருந்தா. அதுங்க சிரிச்சுச்சுங்க, அவ சட்டை பண்ணலை. வெறியாப் படிச்சா. மொதல் மார்க்கு. அதனால டீச்சர் அவளை லீடராக்கி, ஹாஸ்டல்லேருந்து பள்ளிக்கூடத்துக்கு வரிசையை நீதான் கூட்டிட்டுப் போகணும்னாங்க. அவ போய்க் கடைசியில நின்னுக்கிட்டா. மறுநாளும் கடைசி. டீச்சர் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து, என்னடி திமிரா, முன்னாடி நடக்க என்ன கேடுன்னு கேட்டாங்க.

"நான் முன்னாடி போனா அதுங்க நம்பி வரும் டீச்சர்."

டீச்சருக்கு ஒண்ணும் புரியலை. காதை விட்டுட்டாங்க. பவுனு எட்டிப்போய், எல்லாருக்கும் பின்னாடி நின்னு, ஒவ்வொரு வளைவுலயும் நின்னு பாத்துப் பாத்து நடந்தா.

என்ன, ம் வரலை? சரி. கதைக்கு இதுக்கு மேல வழி இல்லை. நீ தூங்கு.