மயிலார் கூட்டிய கரை

நாணல்குளத்தின் கீழ்க்கரையில் கெட்டியம்மா என்று ஓர் ஆமை இருந்தாள். மாசி மாதம் அந்தக் கரை மணலைத் தோண்டி இருபத்தொரு முட்டை இட்டு மூடினாள்.

கோடை மழை விழுந்து மண் இளகும் அன்று குஞ்சுகள் மேலே வரும். ஒவ்வொன்றும் ஒரு நாவல்பழம் அளவு இருந்தால் அதிகம். அதன் தலைக்கு மேல் ஒரு பாலித்தீன் பை கிடந்தாலும் அதற்கு அது மலைதான். முட்டி முட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே செத்துப்போகும்.

அதனால் கெட்டியம்மா முட்டையிட்ட மறுநாளே கரையைத் துப்புரவு செய்யத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் காட்டுக்குள் வந்து தின்றுவிட்டு எறிந்துபோகும் மனுசப் பயல்களின் பை, பாட்டில், பொட்டலம் எல்லாவற்றையும் வாயால் கவ்வி இழுத்தாள். காட்டின் எல்லையில் நகராட்சிக் குப்பைக்குழி இருந்தது. ஒரு பாட்டிலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க அரை நாள். திரும்பி வர அரை நாள்.

இரண்டு மாதத்தில் கீழ்க்கரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எறும்புகள் குளத்தில் கால் கழுவிக்கொண்டுதான் கரையேறின என்றால் நம்புவீர்களா? நம்புங்கள், எனக்கு அந்த எறும்புகளைத் தெரியும்.

அந்தக் காட்டு நகராட்சிக்குத் தலைவர் ஒரு மயில். மயிலார் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். குப்பைக்குழி மூன்று வருடமாக நிரம்பி வழிந்தது. மயிலார் அந்தப் பக்கம் போனதே இல்லை. நாற்றம் தோகைக்கு ஆகாதாம்.

ஒரு நாள் ஏழு காட்டுக்கும் செய்தி சொல்லும் கிளி அந்த வழியாகப் பறந்தது.

"பக்கத்துக் காட்டுக் கரடியார் விளக்குமாறு பிடித்தார்! தெருவைத் தாமே கூட்டினார்!"

மயிலாருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் எழுத்தரைக் கூப்பிட்டார். எழுத்தர் வெள்ளையப்பன் என்று ஒரு கொக்கு.

"வெள்ளையப்பா, புதன்கிழமை நமக்கும் தூய்மைத் திருநாள். கிளிக்குச் சொல்லி அனுப்பு. இடம் எது?"

"எப்படிப்பட்ட இடம் வேணும் தலைவரே?"

"கிளி உட்கார ஒரு மரம் வேணும். காலை வெயில் என் தோகைமேல விழணும். வேறென்ன?"

"அப்போ கீழ்க்கரைதான்."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். மயிலார் முகம் சுருங்கிவிட்டது.

"என்னய்யா இது, ஒரு தூசி இல்லையே. நான் எதைக் கூட்டுறது?"

"அதுக்கென்ன தலைவரே. கொண்டுவந்து போட்டாப் போச்சு."

உடனே தொண்டர் படைக்கு ஆள் போயிற்று. படைத்தலைவன் துறையாண்டி, நீர்நாய். நல்லவன்தான். சேவை என்று சொல்லிவிட்டால் எதற்கு, யாருக்கு என்று கேட்கமாட்டான். வண்டி இழுக்க எருமை மாசாணம். ஆளுக்கு ஒரு பச்சை நார்த் தலைப்பாகை கொடுத்தார்கள். அதைக் கட்டிக்கொண்டு துறையாண்டி குளத்து நீரில் தன் முகத்தைப் பத்துத் தரம் பார்த்தான்.

"எல்லைக்குழிக் குப்பையை வண்டியில ஏத்திக் கீழ்க்கரையில கொட்டணும். தலைவர் வந்து கூட்டுவார்" என்றான் வெள்ளையப்பன்.

மாசாணம் அசைபோட்டுக்கொண்டே யோசித்தான். எருமை யோசிக்க நேரமாகும், ஆனால் யோசிக்கும்.

"கொக்கண்ணே, அங்க கிடக்கிறதை இங்க கொட்டி, இங்கிருந்து கூட்டுறதுக்கு, தலைவர் அங்கேயே போய்க் கூட்டிரலாமே?"

"அங்க நாறும்டா. தலைவர் எப்படி வருவார்?"

மாசாணம் வண்டியை இழுத்தான்.

செவ்வாய்க்கிழமை மூன்று வண்டிக் குப்பை கீழ்க்கரையில் இறங்கியது. கெட்டியம்மா தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பச்சை மூடி போட்ட ஒரு பாட்டில் உருண்டு அவள் மூக்கின் முன்னால் வந்து நின்றது. பங்குனியில் அரை நாள் இழுத்துக்கொண்டுபோய்ப் போட்ட அதே பாட்டில்.

"டேய் மாசாணம், என்னடா கொட்டுற?"

"குப்பை, ஆத்தா."

"அது தெரியுது. எதுக்குடா?"

"நாளைக்குத் தூய்மைத் திருநாளாம்."

"கீழ என் முட்டை இருக்குடா. மழை வந்தா குஞ்சு மேல வரணும்டா."

மாசாணம் நின்றுவிட்டான். துறையாண்டி தலைப்பாகையைச் சரிசெய்தபடி முன்னால் வந்தான்.

"ஒரு நாள்தானே அக்கா. தலைவர் கூட்டி முடிச்சதும் நாங்களே அள்ளிடுவோம். பொதுக்காரியம், கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

பொதுக்காரியம் என்று எவனாவது சொன்னால் யாருடைய வாசலில் கை வைக்கிறான் என்று பாருங்கள். தலைவர் வாசலில் எவனும் கை வைத்து நான் பார்த்ததில்லை.

புதன்கிழமை விழா நடந்தது. முயல், மான், குரங்கு, காட்டுக்கோழி எல்லாம் வந்தன. கிளி மருதமரத்தில் உட்கார்ந்தது. மயிலாருக்குப் புதுத் தென்னை விளக்குமாறு, கைப்பிடியில் பூச்சரம் சுற்றி. இடது பக்கம் ஒரு இழுப்பு. வலது பக்கம் ஒரு இழுப்பு. கூட்டம் கைதட்டியது. "குப்பை நம் மனதில்தான் இருக்கிறது" என்று மயிலார் அரை நாள் பேசினார். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு எல்லாருக்கும் தொன்னையில் பானகம். குடித்து முடித்த தொன்னைகளை எங்கே எறிந்தார்கள் என்று கேட்கிறீர்களா? அந்தக் குவியலில்தான்.

கிளி பறந்துபோயிற்று. மயிலார் போனார். கூட்டம் போயிற்று. குப்பை போகவில்லை.

கெட்டியம்மா நகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆயிற்று. வெள்ளையப்பன் ஒற்றைக்காலில் நின்றபடி பதிவேட்டைப் புரட்டினான்.

"என்னம்மா?"

"கீழ்க்கரைக் குப்பையை எடுக்கணும்."

"எந்தக் குப்பை? கீழ்க்கரை, புதன்கிழமை, தூய்மை செய்யப்பட்டது. இதோ தலைவர் நகக்கீறல். சுத்தமான இடத்தை எப்படிம்மா சுத்தம் பண்றது?"

"வந்து பாரு, தெரியும்."

"பார்க்கிறது என் வேலை இல்ல. எழுதுறதுதான் என் வேலை."

"அப்போ குப்பை கிடக்குதுன்னு எழுது."

"எழுதினா தலைவர் கூட்டலைன்னு ஆயிரும். கூட்டினார்னு கிளி ஏழு காட்டுலயும் சொல்லியாச்சு. வேணும்னா ஒண்ணு செய்றேன். அடுத்த வருசத் தூய்மைத் திருநாளுக்கும் உங்க கரையையே போட்டுவிடுறேன்."

கெட்டியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆமைக்குப் பல் கிடையாது. இருந்திருந்தால் கொக்குக்கு அந்த ஒற்றைக் காலும் மிஞ்சியிருக்காது.

திரும்பும் வழியில் துறையாண்டியைப் பார்த்தாள்.

"அள்ளிடுவோம்னு சொன்னியே தம்பி?"

"நாளைக்கு வரோம் அக்கா. இன்னைக்கு எங்க படைக்குப் பாராட்டு விழா."

நாளைக்கும் அவன் வரவில்லை. தலைவர் ஆடுவதற்குத் திடல் சமன்செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். மாசாணத்தையும் அங்கேயே கட்டிப்போட்டு வேலை வாங்கினார்கள். குழி வரை போக நேரமில்லை, முட்டை மணலைவிட்டு ஒதுக்கினால் போதும் என்று கெட்டியம்மா தனியாக இழுத்தாள். நாலு நாளில் எட்டுப் பை. குவியல் அவளைப் பார்த்துச் சிரித்தது. வெயில் ஏறியது. குவியலுக்கு நடுவில் ஒரு கறுப்புத் தார்ப்பாய் அனலாகக் கொதித்துக் கிடந்தது. அதை அவளால் அசைக்கக்கூட முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் மேற்கே மேகம் திரண்டது.

மேகத்தைப் பார்த்ததும் கெட்டியம்மா தார்ப்பாயை மறுபடியும் தலையால் முட்டிப் பார்த்தாள். அதே மேகத்தைப் பார்த்து மயிலார் தோகையை உதறினார். இன்று தலைவர் ஆட்டம் என்று பறையறைந்தார்கள். காடு முழுக்கத் திடலில் கூடிவிட்டது. கிளியும் வந்துவிட்டது.

கெட்டியம்மா திடலைப் பார்த்து நடந்தாள். கெஞ்சிக் கேட்டாகிவிட்டது, இனிக் கெஞ்சுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு நடந்தாள். அன்று அவள் நடந்த வேகத்தில் ஒரு முயல் வழிவிட்டு ஒதுங்கியது, சத்தியமாக.

திடலின் நடுவில் போய் நின்றாள்.

"தலைவரே, இங்க எதுக்கு ஆடுறீங்க? நீங்களே கூட்டின கரை இருக்கே. ஏழு காட்டுலயும் அதைவிடச் சுத்தமான தரை இல்லைன்னு கிளி சொல்லுது. அங்க வந்து ஆடுங்க."

"அடடா, கூட்டிய கரையில் ஆடிய தலைவர். செய்தி நல்லா இருக்கு" என்றது கிளி.

மயிலார் மகிழ்ந்துபோனார். அவர் அன்று விளக்குமாற்றை வைத்த பிறகு அந்தக் கரையைத் திரும்பிப் பார்த்தவரே இல்லை. பதிவேட்டில் சுத்தம் என்று இருந்தது, அவரும் நம்பிவிட்டார். உண்மை தெரிந்த வெள்ளையப்பன் பதிவேட்டை இறக்கைக்குள் செருகிக்கொண்டான். எழுதியது அவனாயிற்றே!

"நடங்க கரைக்கு" என்றார் மயிலார். மாசாணம் கெட்டியம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னால் போனான்.

கரைக்கு வருமுன்பே நாற்றம் வந்தது. கூட்டம் மூக்கைப் பொத்தியது. குவியலைப் பார்த்ததும் மயிலார் நின்றுவிட்டார்.

"ஏன் நின்னுட்டீங்க தலைவரே? வெள்ளையப்பா, பதிவேடு என்ன சொல்லுது?"

"சு... சுத்தம்" என்றான் கொக்கு.

"கேட்டீங்கல்ல. ஆடுங்க."

வானம் உறுமியது. கிளி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடாவிட்டால் கூட்டியது பொய் என்று ஏழு காட்டுக்கும் தெரிந்துவிடும். மயிலார் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத பல்லைத்தான், குவியலின்மேல் ஏறினார். தோகையை விரித்தார்.

முதல் சுற்றில் ஒரு பையின் காது தோகையில் மாட்டியது. இரண்டாம் சுற்றில் ஒரு கிழிந்த வலை. மூன்றாம் சுற்றில் கால் ஒரு டப்பாவுக்குள் போய்விட்டது. உதறினார், இன்னும் சுற்றியது. இழுத்தார், தோகை பிய்ந்தது. அகவிக்கொண்டே ஓட்டம் பிடித்தார். அறுபத்து மூன்று பை, ஒரு வலை, ஒற்றைச் செருப்பு எல்லாம் பின்னால் இழுபட, மூன்று மலை தாண்டி ஓடினார். தலைவரான நாளிலிருந்து அவர் நிஜமாக அப்புறப்படுத்திய குப்பை அது ஒன்றுதான்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டியது.

கெட்டியம்மா சிரிக்கவில்லை.

"சிரிச்சது போதும். குனிஞ்சு அள்ளுங்க."

முதல் துளி விழுந்தது. மாசாணம் கொம்பைக் கொடுத்துத் தார்ப்பாயைப் புரட்டினான். துறையாண்டி தலைப்பாகையைக் கழற்றி எறியப்போனவன், எறியாமல் குப்பை வண்டியில் போட்டான். முயலும் மானும் குரங்கும் இறங்கின. மழை பிடித்துக்கொள்ளுமுன் மணல் தெரிந்தது.

மணல் அசைந்தது. ஒரு சின்னத் தலை. இன்னொன்று. கெட்டியம்மா ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினேழு வந்தன. அப்புறம் மணல் அசையவில்லை. அவளே போய்த் தோண்டினாள். தார்ப்பாய் கிடந்த இடத்துக்கு அடியில் நாலு முட்டை வெந்துபோயிருந்தன.

துறையாண்டி மெல்லச் சொன்னான்: "அக்கா, பதினேழு பிழைச்சிருச்சே."

"பதினேழை நீ எண்ணிக்க. நான் நாலை எண்ணிக்கிறேன்."

அவன் தலை கவிழ்ந்தது. யாரோ ஒரு குரங்கு, பழக்கதோஷம், கைதட்டத் தொடங்கியது. கெட்டியம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் கை பாதியில் நின்றது.

"அன்னைக்கும் நீங்கதானே தட்டினீங்க?"

கிளி தொண்டையைச் செருமியது. "காடே ஒன்று கூடிக் கரையைக் காத்ததுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு. கொட்டினதும் இந்தக் காடுதான்னு சேர்த்துச் சொல்லு. நீ மரத்துல உட்கார்ந்து விளக்குமாற்றைப் பார்த்த, இறங்கிவந்து தரையைப் பார்க்கலைன்னும் சொல்லு."

கிளி பிறந்ததிலிருந்து அன்றுதான் ஒரு வார்த்தை பேசாமல் பறந்தது.

மாசாணம் நிறைந்த வண்டியோடு நின்றான். "ஆத்தா, இதை எங்க கொட்ட? குழி நிரம்பிக் கிடக்கே."

"நகராட்சி அலுவலக வாசல்ல கொட்டுடா. பதிவேட்டுல இல்லாத குப்பைதானே, இடத்தை அடைக்காது."

மூன்று வண்டியும் அங்கே போய் இறங்கியது. வெள்ளையப்பனுக்கு ஒரு காலை ஊன்றக்கூட இடமில்லை. மூன்று வருடமாக அள்ளப்படாத குழியை இரண்டே நாளில் அள்ளி முடித்து, வாசல் குப்பையையும் தன் அலகாலேயே எடுத்தான். மயிலார் மொட்டை வாலோடு திரும்பி வந்தபோது நாற்காலியில் வேறு ஆள் இருந்தது.

கூட்டிக் காட்டுகிறவன் குப்பை எப்போதும் எளியவன் வாசலில்தான் வந்து விழும். ஆகையால் விளக்குமாற்றைப் பார்த்துக் கைதட்டாதே, தரையைப் பார்த்துவிட்டுத் தட்டு.