அறுபது வில்லைகளும் ஒன்பதாவது படமும்

ஒரத்தநாட்டு மீரான் டாக்கீசில் அன்று மதியக் காட்சிக்கு இருந்தவர்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். தரையில் நூற்று முப்பத்தாறு, பெஞ்சில் ஐம்பத்து நான்கு, நாற்காலியில் இருபத்திரண்டு. டிக்கெட் இல்லாமல் ஆறு பேர்: கொட்டகைக்காரர் மீரான் இராவுத்தர், படம் ஓட்டும் தங்கப்பன், வெளியே தகரச் சார்ப்பில் வடை போடும் காத்தாயி, கதவைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணியம்மாள், பாடகர் ஆளவந்தார், பட முதலாளி சிங்காரம்.

ஆளவந்தார் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அவர் பாடி நடித்த படங்கள் ஒன்பது. பத்தாவது படத்துக்குச் சிங்காரம் ஒரு பத்திரம் எழுதி எடுத்து வந்திருந்தார். அதன்படி குரல் மட்டும் ஆளவந்தாருடையது. திரையில் வாயசைக்க வேறொரு வாலிபன். கையெழுத்துப் போட்டால் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவர் முகம் வராது.

"ஜனங்க உங்க பாட்டுக்கு வர்றாங்க. முகத்தைப் பொறுத்துக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றார் சிங்காரம்.

"ஒன்பது படமாவா பொறுத்துக்கிட்டாங்க?" என்றார் ஆளவந்தார்.

பேச்சு முற்றிப் பந்தயமாயிற்று. அங்கே ஓடிக்கொண்டிருந்தது அவருடைய ஒன்பதாவது படம். ஆளவந்தார் திரையில் இருக்கையில் ஏதாவது ஒரு சமயம் முப்பது பேருக்கு மேல் எழுந்து வெளியே போனால் அவர் கையெழுத்துப் போட வேண்டும். போகாவிட்டால் பத்தாவது படத்திலும் அவரே நடிப்பார்.

நடுவரான இராவுத்தர் ஒன்று சேர்த்தார்: "படம் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் உள்ளயே இருக்கணும். பாதியில எந்திரிச்சவர் பந்தயம் செல்லாது. சம்மதமா?"

இருவரும் சம்மதித்தார்கள்.

எண்ணும் வேலை அந்தோணியம்மாளுக்கு வந்தது. கதவருகே ஒரு பலகை உண்டு. அதில் அறுபது ஆணி, அறுபது தகர வில்லை. நடுவில் வெளியே போகிறவர் ஒரு வில்லை வாங்கிக்கொள்வார், திரும்புகையில் கொடுத்துவிடுவார். காலி ஆணிகளை எண்ணினால் போனவர் கணக்கு. இருட்டில் நீளும் கைகளைத்தான் அவள் பார்ப்பாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆளவந்தார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கதவோரம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். சிங்காரம் முன்பக்கம் போனார்.

முதல் பாட்டுக்குப் பதினேழு ஆணிகள் காலியாயின. இரண்டாவது பாட்டுக்கு இருபத்தொன்பது. அந்தோணியம்மாள் கதவிடுக்கில் பார்த்தாள். போனவர்கள் எங்கும் போய்விடவில்லை. அந்த ஒழுகல் தகரச் சார்ப்பின் கீழ், ஒலிபெருக்கிக் குழாயடியில் நின்று, பீடியும் வடையுமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டில் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டன.

"எத்தனைம்மா?" என்று இருட்டிலிருந்து ஆளவந்தார் குரல் வந்தது.

"நாப்பத்தொண்ணுங்க."

ஆளவந்தார் தலைத் துண்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் நாற்பது பேர் திரும்பினார்கள். ஓர் ஆணி காலியாகவே நின்றது. அப்போதுதான் கூரையில் தூறல் சடசடத்தது. திரையில் மகளின் கல்யாணம். இனிப் பாடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்ட பாடகனைப் பந்தலில் எல்லோரும் பாடச் சொல்கிறார்கள். அவன் தம்புராவைப் பிடித்தபடி நிற்கிறான். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, பின்னணி வாத்தியமும் இல்லை. ஏழு நிமிஷம் முகம் மட்டும். கொட்டகையில் ஒரு கை நீளவில்லை. பெஞ்சில் ஒருவர் பற்றவைக்க எடுத்த பீடியைக் கடைசிவரை விரலிலேயே வைத்திருந்தார். காட்சி முடியுமுன் தூறலும் நின்றுவிட்டது.

படம் விட்டதும் கதவை ஒட்டி உள்ளேயே இருந்த இராவுத்தர் அறையில் கூடினார்கள். சிங்காரம் கடைசியாக வந்தார். ஈரமான அங்கவஸ்திரத்தை உதறி நாற்காலி முதுகில் போட்டுவிட்டுப் பத்திரத்தை விரித்தார்.

"நாப்பத்தொண்ணு. நானும் எண்ணினேன்" என்றார்.

"குழாயடியில நின்னு இவர் பாட்டைத்தானய்யா கேட்டாங்க? அவங்களைப் போனவங்கன்னு எப்படிச் சொல்றது?" என்றார் இராவுத்தர்.

"அதைத்தானே ராவுத்தரே நானும் சொல்றேன்? முகம் வேணாம், குரல் போதும்னு அவங்களே எந்திரிச்சுப் போய்ச் சொல்லிட்டாங்க."

ஆளவந்தார் கையை நீட்டினார். "முப்பதுன்னு ஒத்துக்கிட்டேன். தாண்டிருச்சு. பேனாவைக் குடுங்க."

பேனா காகிதத்தைத் தொடும் நேரம், கதவோரம் நின்ற அந்தோணியம்மாள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஐயா, அந்தக் கல்யாணக் கட்டத்துல யாரும் போகலைங்க. ஆனா மூணாம் பாட்டுக்குப் போன ஒரு வில்லை இன்னும் வரலை."

பேனா நின்றது.

கேட்டவர்களே, முப்பது தாண்டியது மெய். ஒப்புக்கொண்டதும் மெய். ஆளவந்தார் கையெழுத்துப் போட வேண்டுமா, வேண்டாமா? இந்த நால்வரில் யார் பேச்சு சரி?

விடை: போட வேண்டாம். தூறல் தொடங்கியது மூன்றாம் பாட்டுக்குப் பின். நின்றது படம் முடியுமுன். உள்ளே இருந்தவர் நனைய வழியில்லை. நாற்பத்தொன்றில் ஒருவராக வெளியே போன சிங்காரம், ஜெயித்தாயிற்று என்று ஒழுகல் சார்ப்பிலேயே நின்றுவிட்டார். பாதியில் எழுந்தவர் பந்தயம் செல்லாது. பாட்டுக்கு முகம் தேவையில்லை என்று அவர் சொன்னது ஓரளவு சரிதான். ஆனால் முகத்தை எடைபோட்டுப் பார்க்கப் படத்தில் இருந்தது அந்த ஏழு நிமிஷம் ஒன்றே. எழுந்து போய் அதைப் பார்க்காமல் விட்டவரும் அவர் ஒருவரே. ஆளவந்தார் அவசரப்பட்டார், இராவுத்தர் தன் நிபந்தனையையே மறந்தார். கேட்காத கணக்கையும் சேர்த்துச் சொன்ன அந்தோணியம்மாள் பேச்சே சரி. சிங்காரம் பத்திரத்தை மடித்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார், வில்லையைப் பையில் வைத்துக்கொண்டே. அன்று பலகையில் மிச்சம் ஐம்பத்தொன்பது.