வளர்பிறைப் புதன்

பவானி ஆற்றங்கரையில் மணல்மேட்டுச் சாமி என்று ஒருவர் இருந்தார். முன்பு லாரி ஓட்டியவர். ஒரு நாள் லாரியைக் கரையோரம் நிறுத்திவிட்டு இறங்கியவர் திரும்ப ஏறவே இல்லை என்பார்கள். உபதேசம் எல்லாம் கிடையாது. கேட்டால் பதில் சொல்வார். சில சமயம் அதுவும் கிடையாது.

அவருடைய சீடர்களில் மூத்தவர் எண்ணெய் மில் நாச்சிமுத்து. சாமியைவிடப் பத்து வயது பெரியவர். நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டாத மனிதர். சாமிக்கு அதில் சலிப்புதான். ஆனாலும் கேட்டு நச்சரித்தால் ஏதாவது ஒரு நாளைச் சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த வைகாசிக் காலையில் நாச்சிமுத்து வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. பைக்குள் பத்திரத்தாள்கள்.

"நல்ல நாள் ஒண்ணு வேணுமுங்க சாமி."

"எதுக்கு?"

"மில்லைப் பையன் பேருக்கு எழுதி வச்சரலாம்னுங்க."

"என்ன அவசரம்?"

நாச்சிமுத்து மணலைப் பார்த்தார். "அந்த ஆக்சிடென்ட் கேசுல அடுத்த மாசம் தீர்ப்புங்க. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி, சொந்தக்காரன்தான் நஷ்டஈடு குடுக்கோணும்னு எழுதிருவாங்களாம். எம்பேர்ல ஒண்ணுமே இல்லீன்னா தீர்ப்பை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்கன்னு வக்கீல் கேக்கறாருங்க."

 சாமிக்கும் அந்தக் கதை தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆடி மூன்றாம் தேதியோடு காரின் இன்சூரன்ஸ் முடிந்தது. ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்தார். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. சாமியிடம் வந்து, கட்டலாமா வேண்டாமா என்று இழுத்தார். சாமி வேறேதோ யோசனையில், "சரி, ஆடி போகட்டும்" என்றார்.

ஆடி போகவில்லை. பதினான்காம் தேதி அந்தியூர் ரோட்டில் நாச்சிமுத்து ஓட்டிப்போன கார் ஒரு சைக்கிளை அடித்துத் தள்ளியது. சைக்கிளில் வந்தவனுக்கு வலது காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைக்கக் கூடாது என்றார் வக்கீல். நாச்சிமுத்துவும் போகவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அது வக்கீலுக்குத் தெரியாது.

"நீங்களே சொல்லுங்க சாமி, யாரு குடுக்கோணும்?" நாச்சிமுத்துவின் குரல் உயர்ந்தது. "முப்பது வருசம் தவறாம கட்டுனேன். பதினோரு நாள் தப்பிப்போச்சுன்னு கம்பெனிக்காரன் கையை விரிச்சுட்டான். நான் வேணும்னா போய் இடிச்சேன்? மில்லு போச்சுன்னா பையனும் ரெண்டு பேத்திகளும் தெருவுலதானுங்க. நான் என்ன தப்புங்க பண்ணுனேன்? சாமி சொன்ன நாளுக்குத்தானே காத்திருந்தேன்!"

வாயைவிட்டுப் போன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

சாமி எழுந்து உள்ளே போய் இரண்டு பிளாஸ்டிக் குடங்களை எடுத்து வந்தார்.

"எனக்கு நாள் சொல்லத் தெரியாதுன்னு ஆயிப்போச்சு. தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான், வாங்க. ஒரு குடத்தை நீங்க தூக்குங்க."

தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள். நாச்சிமுத்து குடம் தூக்கி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வேட்டியும் கக்கத்தில் இடுக்கிய பையும் நனைந்து, மூச்சு வாங்க, சாமிக்குப் பின்னால் நடந்தார். தெருவின் கடைசியில் ஒரு ஓட்டு வீடு. சுவரோரம் மூங்கில்களும் கயிற்றுச் சுருளும் கிடந்தன. பக்கத்தில் ஒரு சைக்கிள். அதன் முன் சக்கரம் மடங்கியிருந்தது.

நாச்சிமுத்துவின் கையிலிருந்து குடம் நழுவப் பார்த்தது. உள்ளேயிருந்து வந்த பெண் அதைப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

"வாங்க சாமி. இன்னைக்கு ஆளும் கூட்டியாந்துட்டீங்களா?" என்றாள் மயிலாத்தா.

கட்டிலில் அவள் புருஷன் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது இருக்கும். வேட்டியின் வலது பக்கம் வெறும் துணியாகக் கிடந்தது. அந்த முகத்தை நாச்சிமுத்து இதற்கு முன் ரத்தத்தோடுதான் பார்த்திருக்கிறார். அவன் அவரைப் பார்த்ததே இல்லை.

"சென்னியப்பா, இவருக்குப் பத்திரம் எழுத ஒரு நாள் வேணுமாம்" என்றார் சாமி.

சென்னியப்பன் முகம் மலர்ந்தது. "பந்தல்காரனுக்குத் தெரியாத முகூர்த்தமுங்களா?" விரல்களை மடக்கி எண்ணினான். "வர்ற புதனுங்க. வளர்பிறை. ஒம்பதே காலுக்கு மேல பத்தே காலுக்குள்ள கையெழுத்துப் போட்டுருங்க. கால் இருந்திருந்தா அன்னைக்கு நாலு பந்தல் ஏறியிருப்பேன். வருசம் பூரா மனப்பாடமுங்க. ஆடி மட்டுந்தான் நமக்கு ஆகாது. முகூர்த்தமும் இல்ல, பந்தலும் இல்ல. அதனாலதான் அடிபட்ட அன்னைக்குக் கரும்பு வெட்டற கூலிக்குச் சைக்கிள எடுத்தேன்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"பத்திரம் யாரு பேருக்குங்க ஐயா?"

"பையனுக்கு." நாச்சிமுத்து பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டார்.

"நல்லதுங்க. பெத்தவன் அதைத்தான் செய்யோணும். எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க." அவன் மனைவியைப் பார்த்தான். "அந்தக் கார்க்காரர் எப்படியும் குடுத்துருவாருன்னு இவ தினமும் சொல்றா. பெரிய மனுசராம், பக்திமானாம். நீங்க நாலும் தெரிஞ்சவங்க மாதிரி இருக்கறீங்க. குடுப்பாருங்களா ஐயா?"

 நாச்சிமுத்து விருட்டென்று வெளியே வந்துவிட்டார்.

குழாயடிக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டார். சாமி காலிக் குடங்களோடு வந்து சேர்ந்தார்.

"தினமும் தண்ணி தூக்கறீங்களா சாமி?"

"அந்த ஆடியிலிருந்து."

"எதுக்குங்க?"

"நாள் சொன்னவன் நான்தானே."

"அதுல தீர்ந்துருமுங்களா?"

"தீராது."

"மில்லை வித்துக் குடுத்தா?"

"அதுலயும் தீராது. கால் முளைக்காது."

நாச்சிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு அழுதார். பையன் முகம் கண்ணில் வந்தது, பேத்திகள் வந்தார்கள், வேட்டிக்குள் இல்லாத அந்தக் கால் வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் தெருவில் நின்றார். பைக்குள் பத்திரத்தாள்கள் நனைந்துபோயிருந்தன.

"தீரவே தீராதுன்னா நான் என்னதாங்க சாமி பண்றது?"

சாமி குடத்தைக் குழாய்க்குக் கீழே வைத்தார்.

"நல்ல நாளை அவனே குடுத்துட்டான் மில்லுக்காரரே. பத்திரத்துல பேரை மட்டும் நீங்க எழுதுங்க."