உப்பு மதில்

எல்லையில் எருக்கங்கோட்டை என்று ஒரு கோட்டை. சண்டைக்குப் போகும் படைக்கு அரிசியும் உப்பும் சேர்த்துவைக்கிற இடம். தொட்டியப்பன், கூத்தையன், மாசிலான் என்ற மூவர் அங்கே காவல். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

வடக்கு மதிலில் மாடு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. படையோடு புறப்பட்ட தளவாய் உறுமினார்: "நான் வர்றதுக்குள்ள ஓட்டைய அடைச்சிருக்கணும். வெளிய காலெடுத்து வைக்காதீங்க, உள்ள இருக்கறத வெச்சே அடைங்க. உப்பு பத்திரம்! எது தவறினாலும் மூணு தலையும் உருளும்."

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"உள்ள அரிசி மூட்டை இருக்கு, அடுக்கலாமா?" என்றான் மாசிலான்.

"அட மடையா, எலி மதிலத் தின்னுடும்," என்றான் மூத்தவன் தொட்டியப்பன். "உப்புன்னா எலி தொடாது. ஓட்டையும் அடைபடும், உப்பும் கண்ணு முன்னால இருக்கும்."

அந்த அறிவை வியந்தபடியே உப்பு மூட்டைகளை அடுக்கி முடித்தார்கள். அன்றிரவே அடைமழை.

விடிந்து பார்த்தால் வெறும் சாக்குகள்.

"சாக்க விட்டுட்டு மதில மட்டும் திருடியிருக்கான்," என்றான் கூத்தையன். "கொஞ்சம் நல்லவன்தான்."

தொட்டியப்பன் சந்தேகப்பட்டு, ஓட்டை வழியே, மதிலை ஒட்டிய அகழிக்குள் கயிற்றில் குடத்தை இறக்கி, தண்ணீரை மொண்டு நக்கிப் பார்த்தான். ஒரே கரிப்பு.

"ஆப்டுக்கிச்சு! மதில் இங்கதான் இருக்கு. ஒரு சொட்டு வெளிய போகக் கூடாது."

அதிலிருந்து மூவரும் வேலும் கையுமாக ஓட்டையில் நின்று அகழியைக் காத்தார்கள். தளவாய் திரும்பி வந்தார். களைத்த குதிரை தண்ணீரில் வாயை வைத்தது.

"ஐயா! உங்க குதிர மதிலக் குடிக்குது!" என்று அலறினான் மாசிலான்.

விவரம் கேட்ட தளவாய் வாளை உருவினார். பின்னால் படை முழுதும் விழுந்து விழுந்து சிரித்தது. வெட்ட அவருக்குக் கை வரவில்லை.

"போய்த் தொலைங்கடா! அகழியில இருக்கற அந்த மதில எடுத்து, இருந்த மாதிரியே கட்டி முடிங்க. அப்புறம்தான் உங்க தலைய வெட்டுவேன்."

மூவரும் கும்பிட்டுவிட்டு ஓடினார்கள். கூத்தையன் மொண்டான், மாசிலான் குடம் குடமாக ஓட்டையில் ஊற்றினான்.

"வேகமா ஊத்துடா, பெரிய மனுசன் வாளோட காத்திருக்காரு!" என்று கத்தினான் கூத்தையன்.

தொட்டியப்பன் கையைக் காட்டித் தடுத்தான்.

"அவசரப்படாதீங்கடா. அடி வரிசை காயட்டும்."