கரிமூட்டத்து மண்பூச்சு

அருளாந்து முப்பத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறு வாரமே, சித்த வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று கிளம்பி, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரான வைத்தியர் தில்லைக்கரசியிடம் சீடராகச் சேர்ந்தார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் வருஷம் அவர் சொந்தமாக, முகத்துக்குப் பூச ஒரு லேபம் அரைத்தார். கஸ்தூரி மஞ்சள், அதிமதுரம், சந்தனம், இன்னும் ஏழு சரக்கு. மூன்று நாள் விடாமல் அரைத்ததில் தொட்டால் வெண்ணெயாக வழுக்கியது. அந்த லேபத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். யாரும் எடுக்காவிட்டால் அவரே எடுப்பார்.

அந்தச் சமயத்தில்தான் முத்திருளாயி வந்தாள். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பவள்.

"எனக்கு முப்பத்தொம்பது வயசுங்கய்யா. நம்புவீகளா?"

அருளாந்து நம்பவில்லை. கேட்டிருந்தால் அறுபது என்று சொல்லியிருப்பார். கன்னம் இரண்டும் சிவந்து தடித்திருந்தன. கண்ணோரத்திலும் வாயோரத்திலும் கோடுகள் ஆழமாக இறங்கியிருந்தன.

"மக அங்காளேஸ்வரி மதுரையில நர்சுக்குப் படிக்கிறா. போன மாசம் பாக்கப் போனேன். ஆஸ்டல் வாசல்ல ஒரு அம்மா நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என் மூஞ்சியப் பாத்துச்சு. உறவு முறைன்னு இருந்த எடத்துல பாட்டின்னு எழுதிருச்சு."

"இல்ல, அம்மான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வாயில பொகையிலை. துப்ப எடமில்லை. எம் மக தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பங்குனியில அவளுக்குப் பட்டம் குடுக்குறாக. போனா அம்மாவாப் போகணும். இல்லேன்னா போக மாட்டேன்."

பங்குனிக்கு நான்கு மாதம் இருந்தது.

"நான் இருக்கேன் தாயி. அந்த நோட்டுல அம்மான்னு எழுத வைக்கிறேன்" என்றார் அருளாந்து.

உள்ளறையில் சரக்கு நிறுத்துக்கொண்டிருந்த தில்லைக்கரசி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி தராசுக்குக் குனிந்தார்.

லேபம் அவள் முகத்துக்கு ஏறியது. பூசிய நாளில் முகம் பளபளத்தது. முத்திருளாயி தெருக்கோடிவரை நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்தாள். அருளாந்துவுக்கு இரண்டு நாள் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் நாள் கோடுகள் திரும்பி வந்தன. இன்னும் கனமாகப் பூசினார். இன்னும் சீக்கிரம் வந்தன. ஒரு மாதம் கழிந்தபோது கன்னத்தின் சிவப்பு கழுத்துக்கு இறங்கியிருந்தது.

அருளாந்து லேபச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாக்குக் கொடுத்தவர் அவர்.

"அம்மா, என் லேபத்துல என்ன குறை?" என்று தில்லைக்கரசியிடம் போய் நின்றார்.

தில்லைக்கரசி ஒரு துளி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்ல. நான் அரைச்சாக்கூட இந்தப் பதம் வராது."

"பின்னே ஏன் பலிக்கலை?"

"காலையில முத்திருளாயி காட்டுக்கு வாங்கண்ணே. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாங்க."

காட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டம் நின்றது. உள்ளே விறகு, அதன்மேல் தழை, அதற்கும் மேல் ஈரமண் பூச்சு. தீ ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை. உச்சியிலிருந்து மட்டும் புகை மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. மண்பூச்சு அங்கங்கே வெடித்திருந்தது.

"வெடிச்ச எடத்தையெல்லாம் பூசுங்கண்ணே" என்றார் தில்லைக்கரசி.

அருளாந்து மண்ணைக் குழைத்தார். எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்பவர். உள்ளங்கையால் நீவி நீவி, லேபம் தடவுவதுபோலவே தடவினார். ஒரு சுற்று முடித்து ஆரம்பித்த இடத்துக்கு வந்தபோது, முதலில் பூசியது வெடித்திருந்தது. மறுபடி பூசினார். உச்சி வெயில் ஏறும்வரை மூன்று சுற்று சுற்றினார். முத்திருளாயி சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்கு வெடிக்கும் தாயி?"

"உள்ள கங்கு கெடக்குற வரைக்கும் வெடிக்கும்."

"தீயவே காணோமே?"

"தீயா எரிஞ்சா கண்ணுக்குத் தெரியும், ஓடியாந்து அணைச்சுருவோம். இது சத்தமில்லாம பத்து நாள் வேகும். வெறகு வெந்து சுருங்குனா, மேல இருக்குற மண்ணு உக்காந்து வெடிக்கத்தான செய்யும்?"

"அப்ப பூசுறது வீணா?"

"யாரு சொன்னா? பூசலேன்னா காத்துப் புகுந்து இன்னும் வேகமா எரியும். பூசவும் செய்யணும். ஆனா பூசி கங்கு அணையாது."

"எப்படித்தான் அணைப்பே?"

முத்திருளாயி அவரைக் கையைப் பிடிக்காத குறையாக மூட்டத்தின் அடிக்குக் கூட்டிப்போனாள். தரையை ஒட்டிச் சுற்றிலும் கை நுழையும் அளவுக்குப் பொந்துகள் இருந்தன. அவள் முகத்தில் அப்போது தொழில்காரியின் மிடுக்கு ஏறியிருந்தது.

"காத்து இது வழியாத்தான் போகுது. ஒவ்வொண்ணா அடைக்கணும். ஒண்ண மறந்தாலும் அது அங்கனயே கெடந்து தின்னுக்கிட்டிருக்கும். இருபது வருசத்துல என் மூட்டம் ஒண்ணுகூடச் சாம்பலானது கிடையாது. நீங்க யார வேணாலும் கேளுங்க."

அருளாந்து குனிந்து ஒரு பொந்தைப் பார்த்தார். உள்ளே இருட்டில் சிவப்பாக ஒன்று மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

நிமிர்ந்ததும் முத்திருளாயியைப் பார்த்தார்.

"தாயி, வாயைத் திற."

"என்னங்கய்யா?"

"திறன்னா திற."

அவள் திறந்தாள். கன்னத்தில் புகையிலை அடக்கியிருந்தாள். அதற்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தையாகி, சுற்றிலும் ஈறு வீங்கிச் சீழ் கோத்திருந்தது.

"இது எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். வலிச்சா கிராம்பு வச்சுக்கிருவேன்."

"தூக்கம்?"

"மூட்டம் வேகுறப்ப தூக்கம் ஏது? உக்காந்தபடியே கண்ணசருவேன்."

"சாப்பாடு?"

"டீதான். எட்டோ ஒம்பதோ. சீனி தூக்கலா."

"புகைக்கும் வெயிலுக்கும் முகத்தை மூடுறதுண்டா?"

"மூஞ்சிய மூடிக்கிட்டு வேல பாக்க நான் என்ன புதுப்பொண்ணா?"

அருளாந்து தலையில் கை வைத்துக்கொண்டு மண்மேட்டில் உட்கார்ந்தார். முப்பத்திரண்டு வருஷ அனுபவம் அவருக்கு. ஒரு மாதமாக அந்த முகத்தைத் தினமும் பார்த்திருக்கிறார். வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

"ஆறாத புண்ணு ஒண்ணு உள்ள இருந்தா, அதை ஆத்த உடம்பு சூடு கிளப்பும்" என்று அவரே மெதுவாகச் சொன்னார். "நாலு நாள்ல அடங்குனா அது காவல். வருஷக்கணக்கா அடங்கலேன்னா தோலைத் தாங்குற நாரையே தின்ன ஆரம்பிச்சிரும், மேல தோல் சுருங்கிக் கோடு விழும். அதானம்மா?"

"எத்தனை பொந்துண்ணே?" என்றார் தில்லைக்கரசி.

"அஞ்சு."

"அடைங்க."

மறுநாளே அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பல்லை எடுக்க வைத்தார். புகையிலை லேசில் விடவில்லை. முதல் பத்து நாள் முத்திருளாயி எதிர்ப்பட்டவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தாள், அருளாந்துமேல் இரண்டு மடங்காக. அவர் கிராம்பும் சோம்பும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத் திட்டையும் வாங்கிக்கொண்டார். டீ இரண்டாகக் குறைந்தது. முருங்கைக்கீரையும் நெத்திலியும் தட்டுக்கு வந்தன. மூட்டக் காவலை அவள் கொழுந்தன் பாதி ஏற்றுக்கொண்டான். புகைக்குள் போகும்போது ஈரத்துணியை மூக்கும் கன்னமும் மறையக் கட்டினாள், வெயிலுக்குப் பனையோலைத் தொப்பி போட்டாள். லேபமும் இருந்தது, மெல்லிசாக, வாரத்துக்கு இரண்டு முறை.

மாசியில் தடிப்பு வடிந்தது. சிவப்பு அடங்கியது. வீங்கிய இமைக்குள் கிடந்த கண்கள் நன்றாகத் திறந்தன. இப்போது பார்த்தால் நாற்பத்தைந்து சொல்லலாம். ஆனால் கோடுகளில் முக்கால்வாசி அப்படியே இருந்தன.

பட்டமளிப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் அருளாந்து குருவிடம் வந்தார்.

"கோடு போகலையேம்மா. நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

தில்லைக்கரசி வாசலில் கிடந்த கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முத்திருளாயி மூட்டம் பிரித்தபோது கொடுத்துவிட்டுப் போனது. ஒரு முனை கரி. மறு முனை விறகு.

"இந்தக் கரியை விறகாக்குவீங்களா?"

"ஆகாதும்மா."

"இந்த முனை ஏன் விறகாவே இருக்கு?"

அருளாந்து கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கங்கு அங்க போறதுக்குள்ள பொந்தை அடைச்சுட்டாம்மா" என்று முனகியபடி அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பட்டமளிப்பு நாளில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலையில் முத்திருளாயி நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு போட்டோவைக் கையில் பிடித்தபடி வைத்தியசாலைக்குள் நுழைந்தாள்.

"என்ன எழுதுனாங்க தாயி?" அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஆஸ்டல் வாசல்ல அதே அம்மாதான் உக்காந்திருந்துச்சு. அதே நோட்டு. என் மூஞ்சியப் பாத்துச்சு. பேனாவ எடுத்துச்சு."

"எடுத்து?"

"எழுத விட்டாத்தான? 'நான் அங்காளேஸ்வரியோட அம்மா. கரிமூட்டம் போடுறவ. எழுதிக்கங்க'ன்னேன். வாயில ஒண்ணும் இல்ல பாருங்க, சொல்லு கணீர்னு வந்துச்சு. வாசல்ல நின்னவுக அம்புட்டுப் பேரும் திரும்பிப் பாத்தாக. எம் மக ஓடியாந்து என் கையப் பிடிச்சு உள்ள இழுத்துக்கிட்டுப் போனா. தலையக் குனியல சாமி. ஒரு எடத்துலகூடக் குனியல."

அருளாந்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. அது தன் லேபத்தால் வந்த பெருமை இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் பெருமை பெருமைதான், அவர் அதை மறைக்கவில்லை.

அவள் கொடுத்துவிட்டுப் போன போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கறுப்பு அங்கியில் மகள். பக்கத்தில் முத்திருளாயி, பல் எடுத்த இடம் தெரிய வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சீடர் புத்தி சும்மா இருக்குமா?

"அம்மா, சிரிக்கும்போது கண்ணோரத்துல இன்னும் நாலு கோடு கூடுதே. அதுக்கு எந்தப் பொந்தை அடைக்கணும்?"

தில்லைக்கரசி போட்டோவை வாங்கிப் பார்த்தார். தன் மேஜைக்கு மேலே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் அதைச் சாய்த்து வைத்தார்.

"அதை மட்டும் அடைச்சிராதீங்கண்ணே."