திதிக்கு வராத மிளகாய்

அந்தக் காலத்தில், அஞ்சறைப் பெட்டிக்குள் இருந்ததெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, மிளகு முத்து மாதிரி வழுவழுவென்று இருக்கும். நடு அறை அதற்குத்தான். "கடல் தாண்டிக் கப்பல் விட்டு என்னைத் தேடுகிறான், தெரியுமோ?" என்று கடுகிடம் தினமும் பீற்றிக்கொள்ளும்.

ஒருநாள் நாகப்பட்டினத்தில் பறங்கிக் கப்பல் வந்து நின்றது. அந்த வீட்டு மருமகள் செங்கமலம், துறைமுகத்திலிருந்து புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். சிவப்பு, நீளம், கூர்மூக்கு, காரம் கொஞ்சம்தான். ரசத்தில் கிள்ளிப் போட்டாள். அவ்வளவுதான். மறுநாள் நடு அறையில் மிளகாய். மிளகு ஓரத்தில், வெந்தயத்தோடு.

ஜன்னல் காக்கைக்குக் கொண்டாட்டம். யார் குரலும் அதற்கு வரும். "செங்கமலம், இன்னும் ஒரு கரண்டி ரசம்!" என்று அவள் மாமனார் குரலில் கரைந்தது. "என்னைத் தேடுகிறான், தெரியுமோ!" என்று மிளகின் குரலிலும் கரைந்தது.

மாமனாருடைய அப்பாவின் திதி வந்தது. 'இதற்காவது என்னை எடுப்பாள்' என்று மிளகு காத்திருந்தது. அவள் கையோ மிளகாய்ப் பக்கம் வந்தது. அதற்குள் அடுப்பு புகைய, ஊதத் திரும்பினாள்.

மிளகுக்குப் பொறுக்கவில்லை. "எந்த ஊரடி நீ? இங்கே ஏன் வந்தாய்?"

"நானா வந்தேன்? மூட்டையில் கட்டிக் கொண்டுவந்தார்கள். உன்னைத் தேடித்தான் கப்பல் விட்டார்களாம். வழி தப்பி எங்கள் கரையில் இறங்கினார்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. வாளுக்குக் கொஞ்சம் பேர் பலி, அவர்களோடு வந்த அம்மை நோய்க்கு மிச்சப் பேர். என்னை நட்ட ஊரில் அழக்கூட ஆள் இல்லை."

"என்னைத் தேடியா?" மிளகின் முகம் கறுத்துச் சுருங்கியது. அந்தச் சுருக்கம் இன்னும் நிமிரவில்லை. "நடு அறையை நீயே வைத்துக்கொள். திதிக்கும் நீயே போ."

"திதிக்கு மாட்டேன். இந்த வீட்டுப் பெரியவர்கள் என் முகத்தைப் பார்க்காமலே போனவர்கள். அவர்கள் இலையில் எனக்கென்ன வேலை? என் ஆட்களுக்கு அழ யாராவது கிடைத்தால் போதும்."

"அப்படியானால் என் காரத்தில் பாதியைப் பிடி. உன்னைக் கடிக்கிறவன் அழாமல் போய்விடுவானா, பார்க்கலாம்."

காரத்தை வாங்கிக்கொண்டு மிளகாய் பெட்டியை விட்டுத் தானே உருண்டு இறங்கியது. திரும்பிய செங்கமலம் மிளகை அள்ளினாள்.

மறுநாள் ரசத்தில் மிளகாயைக் கடித்த மாமனாருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். "ஐயோ மாமா, போனது யார்?" என்று செங்கமலம் குரலில் கேட்டது காக்கை.

அன்று முதல்தான் திதிச் சமையலுக்கு மிளகு மட்டும் போகிறது. மற்ற நாளில் மிளகாயைக் கடித்து, 'ஸ்ஸ்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர் தெரியாத ஓர் ஊருக்காக நாம் அழுகிறோம்.