அறுநூறு வெள்ளி அக்கார்டியன்

பொருள் ஒன்று, உரிமை கேட்பவர் மூவர், அதில் ஒரு காசும் போடாத நடுவர் ஒருவர். அந்த நடுவர் நான். தீர்ப்புச் சொல்லி மாதங்கள் ஆகியும் மனம் அங்கேயே நிற்பதால், வழக்கை உங்கள் முன்னும் வைக்கிறேன்.

கல்லூரி நாள்களில் திருச்சி பாலக்கரையில் நாங்கள் நால்வரும் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தோம். ஜெரால்டு அக்கார்டியன் வாசிப்பான். சிக்கந்தர் பாடுவான். கோதண்டத்துக்குத் தபேலா. எனக்கு எதுவும் வராததால் மைக்கைப் பிடித்து அறிவிப்புச் செய்வேன். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்: எந்தச் செலவானாலும் அவரவர் பங்கை அவரவரே அங்கேயே போட வேண்டும், ‘அப்புறம் தர்றேன்’ என்ற பேச்சு கூடாது. குழு கலைந்தபோது, ஒலிபெருக்கிக்காரர் பாக்கிக்காக ஜெரால்டின் சிவப்பு அக்கார்டியனை விற்றோம். அவன் தோளில் மாட்டும் வாரை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டான்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு மூவரும் பினாங்கு போனார்கள். என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்ததை நான் கவனிக்கவில்லை, போக முடியவில்லை.

கடைசி நாள். மாலையில் விமானம். விடுதிக் கணக்கு தீர்ந்து, விமான நிலைய வண்டிக்கும் பணம் கட்டியாகிவிட்டது. ஒரு பழம்பொருள் கடையில் சிவப்பு அக்கார்டியன் ஒன்றைப் பார்த்தார்கள். தோள்வார் மட்டும் இல்லை. கடைக்காரர் தமிழர், மலேசிய ரிங்கிட்டை அங்குள்ளவர்கள்போல வெள்ளி என்றார்.

“அறுநூறு வெள்ளி அண்ணே, கொறைக்க முடியாது. வாசிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஜெரால்டு மடியில் வைத்து வாசித்தான். சிக்கந்தர் பாடினானாம். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்களாம். பழைய சட்டப்படி ஆளுக்கு இருநூறு.

ஜெரால்டு கார்டைக் கொடுத்தான். ரிங்கிட்டா, ரூபாயா என்று இயந்திரம் கேட்டது. ஒரு வாரமாக அந்நியக் காசோடு மல்லுக்கட்டியவனுக்கு, ரூபாய் என்று பார்த்ததும் ஊர்க்காரரைக் கண்டதுபோல் இருந்தது. ரூபாயை அழுத்தினான். அப்படி அழுத்தினால் மாற்று விகிதத்தைக் கடைக்காரரின் வங்கித் தரப்பே ஏற்றிப் போட்டுக்கொள்ளும் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. மூவரில் அவனுக்கே அதிகம் போனது.

சிக்கந்தரின் கார்டை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. அடுத்த தெரு ஏடிஎம்முக்கு ஓடினான். கட்டணம் இவ்வளவு, சம்மதமா என்று திரை கேட்டது. நம்மூர் வங்கி தன் பங்குக்குத் தனியாகப் பிடிக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அதற்குப் பயந்தே அந்த வாரம் முழுவதும் ஏடிஎம் பக்கம் போகாதவன். சம்மதம் என்று அழுத்தினான்.

கோதண்டம் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, ஆபத்துக்கென்று மடித்து வைத்திருந்த நோட்டுகளை எடுத்தான். ‘விக்கிறப்போ ஒரு விலை, திருப்பி வாங்குறப்போ ஒரு விலை’ என்று நாணயம் மாற்றும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஊரில் வாங்கிய நோட்டுகள் அவை. கடையில் அவனுக்கு எந்தக் கட்டணமும் இல்லை.

அக்கார்டியனோடு நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். அது யாருக்கு என்று வழியிலேயே தொடங்கிய வழக்கு, சில நாளில் வங்கிச் செலவுக் கணக்கு தெரிந்ததும் என் வீட்டிலேயே முற்றியது.

“எனக்குத்தான்டா தண்டம் அதிகம்,” என்றான் ஜெரால்டு.

“ரூபாயப் பாத்ததும் பல்லை இளிச்சது யாரு? நான் தெரிஞ்சே தண்டம் கட்டினேன்டா,” என்றான் சிக்கந்தர்.

“நீங்க பேங்க்ல கெடந்ததைக் குடுத்தீங்க. நான் கையில இருந்த கடைசி நோட்டைக் குடுத்தேன்,” என்றான் கோதண்டம்.

வாயைத் திறக்கப் போன என்னைச் சிக்கந்தர் தடுத்தான். “வாசிக்கத் தெரிஞ்சவனுக்குன்னு சொல்லித் தப்பிக்காத மாப்ள. போட்ட காசை வெச்சுச் சொல்லு.”

நீங்களே சொல்லுங்கள். மூன்று இருநூறுகளில் எது பெரியது? அக்கார்டியன் யாருக்கு?

சிக்கந்தருக்கு என்றேன். ஜெரால்டின் நஷ்டம் அவன் கொடுத்தது அல்ல, அறியாமல் போனது. கோதண்டத்தின் நோட்டுகள் காத்திருந்த ஆபத்துக் காலம் முடிந்துவிட்டது. ஊருக்குக் கொண்டுவந்திருந்தால் குறைந்த விலைக்கே திருப்பி விற்றிருப்பான், ஆக அவனுக்கு மிச்சமே. இழப்பைக் கண்ணால் பார்த்துச் சம்மதித்தவன் சிக்கந்தர் ஒருவன்தான். ஆனாலும், ரூபாயை அழுத்திய அந்த விரலை வெறும் தவறென்று தள்ள, பாஸ்போர்ட் தேதியைக்கூடக் கவனிக்காத எனக்கு என்ன யோக்கியதை என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன். சிக்கந்தர் அக்கார்டியனைத் தூக்கி ஜெரால்டின் மடியில் வைத்தான். “என்னுதுதானே? நான் சொல்றேன், வாசி.” ஜெரால்டு பையிலிருந்து பழைய வாரை எடுத்தான். ஒரு பக்கம் மாட்டியது. மறுபக்க வளையத்தில் நுழையவில்லை. கோதண்டம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டான். பாட்டு முடியும்வரை விடவில்லை.